கம்பியைக் கழற்றச் சொன்னது யார்?

முதலாளி வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். தங்கைக்காரிக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவின் வலது கை மடியில் வெள்ளைத் துணிப் பொதியாகக் கிடந்தது. அந்தப் பொதிக்குள் இரண்டு விரல் மிச்சம். மூன்று போய்விட்டன. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பொதியின் மேலேயே தன் கையை வைத்து, கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியின் கவனக்குறைவை மன்னித்தருளும். இந்தச் சோதனையின் வழியாக இவரை உம்மிடம் இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொள்ளும்."

"ஆமென்" என்றாள் அக்கா.

தங்கை கதவில் சாய்ந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"நீ சொல்லலையேம்மா" என்றார் முதலாளி, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"ஜெபம் முடிஞ்சிடுச்சா ஐயா? அந்தக் கம்பி விஷயம் இனிமேதான் வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்."

"எந்தக் கம்பி?"

"அதானே. எந்தக் கம்பி."

அவர் எழுந்தார். கொண்டுவந்த பழப்பையை மேசை நடுவில் நகர்த்தி வைத்தார். "உங்க தங்கச்சிக்காகவும் ஜெபிக்கிறேன் சகோதரி" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் செருப்பை மாட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விடுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

அக்காவும் தங்கையும் அவருடைய சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்பு வரும். தங்கைக்கு அழுக்குப் பிரிக்கும் வேலை. நாக்கு குத்துகிற குத்தில் அவளுக்கு அங்கே 'ஊசி' என்று பேர். அக்கா உருளையில் நின்றாள். உருளை என்பது உள்ளே நீராவி ஓடும் நீண்ட இரும்புக் குழல். ஈர விரிப்பை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். விரிப்பை விடுகிற வாயில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்ட மாத்திரத்தில் உருளை நின்றுவிடும்.

விரல் பட்டால் நிற்கிற கம்பி, தடித்த ஓரம் பட்டாலும் நிற்கும். புதிதாக ஒரு விடுதியிலிருந்து கனத்த போர்வைகள் வர ஆரம்பித்ததும் உருளை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கம்பியைக் காணோம். எட்டு நாள் கழித்து, அடுத்த வாரச் செவ்வாய் மத்தியானம் அக்காவின் விரல்கள் போர்வையோடு உள்ளே போயின. அன்று சாயங்காலமே கம்பி தன் இடத்துக்கு வந்துவிட்டது, புது மாப்பிள்ளை மாதிரி, பளபளக்கும் புதுத் திருகாணிகளோடு. மறுநாள் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசு அதிகாரி வந்து பார்த்தபோது கம்பி ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது. முதலாளி எழுதிக் கொடுத்தார்: தொழிலாளி தானே கம்பியைத் தூக்கிவிட்டுக் கையை விட்டிருக்கிறார். கவனக்குறைவு.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி என்று கடைசி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். 'கவனக்குறைவு' என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அப்புறம் அக்காவை எந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் யாரும் நிறுத்த மாட்டார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது.

"நான்தான்டி ஏதோ நினைப்புல இருந்திருப்பேன்" என்றாள் அக்கா, இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

"கம்பி இருந்துச்சா இல்லையா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா எல்லாரும் இருந்துச்சுங்கிறாங்களே. முதலாளி நம்ம சபை மூப்பர், அவர் பொய் சொல்லுவாரா? கடவுள் எதுக்கோ என்னை அடிச்சிருக்கார்."

"கடவுளுக்கு வேற வேலை இல்ல, ஸ்பானரைத் தூக்கிக்கிட்டு நம்ம சலவைக்கூடத்துக்கு வந்தார்."

"அப்படிப் பேசாதடி."

"நீ முதல்ல அவர்மேல பழி போடாத. நான் நிறுத்திக்கிறேன்."

அதிகாரி ஒரு பெண்மணி. அதட்டல் இல்லை, குழைவும் இல்லை. ஊசி போய்க் கேட்டபோது நேராகச் சொன்னாள்: "நீங்க கூடப் பிறந்தவங்க. உங்க வார்த்தை மட்டும் நிக்காது. கம்பி இல்லாததைப் பாத்த வேற ஆள் வேணும். இல்லேன்னா கழற்றினவரே வந்து சொல்லணும்."

பார்த்தவர்கள் பதினோரு பேர். ஊசி ஒவ்வொருவராகப் பிடித்தாள்.

"எனக்கென்ன தெரியும்" என்றாள் மடிப்புக்காரி. அவள் உருளையின் மறுபக்கம் நின்று விரிப்புகளை மடிப்பவள். "என் கண்ணு துணிமேலதான் இருக்கும்."

"எட்டு நாளுமா?"

"எட்டு நாளும்."

"போன மாசம் என் காதுல கிடந்த தோடு கவரிங்னு இருபதடி தூரத்துலேர்ந்து கண்டுபிடிச்சியே. அது எந்தக் கண்ணு?"

மடிப்புக்காரி விரிப்பை உதறினாள். அந்த உதறலில் பேச்சு முடிந்தது. மெக்கானிக் அண்ணன் இன்னும் மோசம். நல்ல மனிதர், ஈக்கும் வழிவிட்டு நடப்பவர். கம்பி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், "கிரீஸ் டப்பாவை எங்க வெச்சேன்" என்று தேடப் போய்விடுவார். அந்த ஆறு வாரத்தில் அவர் தேடிய கிரீஸில் ஒரு ரயிலை ஓட்டியிருக்கலாம்.

இந்த முதலாளியேதான் ஞாயிற்றுக்கிழமை சபையில் மூப்பர். வேலைக்கு ஆள் எடுப்பதே சபையிலிருந்துதான். அதனால் ஆறு நாள் பார்த்த முகங்களையே ஏழாம் நாளும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே ஊசி, உள்ளே சகோதரி. அந்தச் சமயம் பார்த்துத்தான் சபைக் கூடத்து வாசலில் ஒரு துணிப் பதாகை தொங்கியது. 'எந்தக் கேள்வியும் கேட்கலாம்! வாழ்க்கை, மரணம், நீதி. ஐந்து வியாழக்கிழமைகள், மாலை ஆறு மணி. தேநீர் உண்டு.'

"எந்தக் கேள்வியுமா பாஸ்டர்?" என்று கேட்டாள் ஊசி.

போதகர் கஞ்சி போட்டுத் தேய்த்தது போன்ற மனிதர். குரலும் அப்படித்தான், மடிப்புக் கலையாது. "எதை வேணும்னாலும் சகோதரி. நம்பிக்கைக்குக் கேள்வி பயம் இல்லை. சீட்டுல எழுதிப் பெட்டியில போடுங்க. பேர்கூட வேண்டாம்."

முதல் வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே ஊசி பெட்டியருகே நின்று, தெளிவாக, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினாள்: 'சலவைக்கூடத்து உருளையின் தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது யார்?'

கேள்விகளைப் புதன்கிழமைகளில் போதகரும் முதலாளியும் உட்கார்ந்து பிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அழுக்குப் பிரிப்பதில் இருபது வருஷ அனுபவம் இருந்தும் அவளுக்கு அது தோன்றவில்லை. முதல் வியாழன் போதகர் ஒரு வண்ண அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"சலவைக்கூடத்திலிருந்து ஒரு ஆழமான கேள்வி வந்திருக்கிறது. நல்லவராகிய கடவுள் விபத்துகளை ஏன் அனுமதிக்கிறார்?"

ஊசி தன் தேநீருக்குள் இருமினாள்.

இருபது நிமிஷம் பதில் சொன்னார். மனிதனின் சுதந்திரம் வந்தது, பாவத்தால் கெட்டுப்போன உலகம் வந்தது, புயல் வந்தது, நோய்க் கிருமி வந்தது. உருளை மட்டும் வரவில்லை. பிறகு மேசைமணியை ஒரு தட்டு தட்டி, "மேசைகளில் பேசுவோம், ஐந்து நிமிஷம்" என்றார். அதுதான் அந்தக் கூட்டத்தின் முறை. ஆறாறு பேராக மேசைகள், மேசைக்கொரு தலைவர், பேசியதைத் தலைவர் எழுந்து சொல்ல வேண்டும். ஊசி உட்கார்ந்த மேசைக்குத் தலைவி ஒரு பள்ளிக்கூட டீச்சர். யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதி, அடியில் கோடு போடுவாள்.

"எல்லாம் கடவுள் சித்தம்னு எழுதிக்குங்க டீச்சர்" என்றாள் மடிப்புக்காரி.

"மெக்கானிக் அண்ணன்?"

"அதே" என்றார் அவர், பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஊசி... மன்னிச்சுக்குங்க, சகோதரி, நீங்க?"

"கடவுள் சித்தத்துக்கு எத்தனை திருகாணின்னு கேட்டு எழுதிக்குங்க."

டீச்சர் எழுதினாள். கோடும் போட்டாள்.

இரண்டாவது தடவை ஊசி நாள், கிழமை, நேரம் எல்லாம் சேர்த்து எழுதிப் போட்டாள். 'நமக்குத் தீங்கு செய்தவர்களை எப்படி மன்னிப்பது?' என்று அட்டையில் வந்தது. மூன்றாவது தடவை கொட்டை எழுத்தில் எழுதினாள். 'துன்பத்தில் இருப்பவர் கோபப்படுவது பாவமா?' என்று திரும்பி வந்தது. அவள் போட்ட அழுக்கு விரிப்பு ஒவ்வொரு வாரமும் யாருடையதோ தெரியாத ரிப்பன் கட்டிய தலையணை உறையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து நேராகப் போதகரின் அறைக்குப் போனாள். கையில் சலவைச் சோடா வாசனை போகவில்லை. அவர் சன்னலைத் திறந்து வைத்தார்.

"பாஸ்டர், என் கேள்வியை யாரு திருத்துறது?"

"திருத்தலை சகோதரி. விரிவாக்குறோம். ஒருத்தருடைய கேள்வி எல்லாருக்கும் பொருந்தணும் இல்லையா?"

"எல்லார் விரலும் போகலையே."

"உங்க வலி எனக்குப் புரியுது."

"என் கை நல்லாத்தான் இருக்கு. வலிக்குதுன்னு நான் சீட்டு போடல. யார்னு கேட்டுப் போட்டேன். நீங்க ஏன்னு மாத்திட்டீங்க. ஏன்னு கேட்டா மேல பாக்கலாம். யார்னு கேட்டா பக்கத்து நாற்காலியைப் பாக்கணும். அதானே சங்கடம்?"

போதகர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார். "மூப்பர் இந்தச் சபைக்கு எவ்வளவு செய்திருக்கார்னு உங்களுக்குத் தெரியும். குற்றம் சாட்டறதுக்கு இது நீதிமன்றம் இல்லை."

"வாசல்ல நீதின்னு எழுதித் தொங்கவிட்டிருக்கீங்களே. அதை மட்டும் கத்தரிச்சிடலாமா? நான் நல்ல கத்தரிக்கோல் கொண்டு வரேன்."

"கேள்வியிலே ஒரு பணிவு வேணும் சகோதரி."

"சிலுவையில தொங்கினவரே ஏன்னு சத்தம்போட்டுக் கேட்டாரு. நல்லவேளை, அங்க சீட்டுப் பெட்டி இல்ல. இருந்திருந்தா அதையும் விரிவாக்கியிருப்பீங்க."

போதகருக்கு முகம் சிவந்தது. எழுந்து, "சேர்ந்து ஜெபிப்போமா?" என்றார். இந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பதில் தெரியாத இடத்தில் எல்லாம் கண் தானாக மூடிக்கொள்ளும்.

"வேண்டாம் பாஸ்டர். அவர்கிட்ட நான் தினமும் பேசிக்கிட்டுதான் இருக்கேன்."

அது உண்மை. மூட்டைகளைப் பிரித்துக்கொண்டே பேசுவாள். எல்லாரும் 'நீர்' என்று கூப்பிடுகிறவரை அவள் 'நீங்க' என்பாள். 'நீர்' என்றால் நோட்டீஸ் படிப்பதுபோல் இருக்கிறதாம். "நீங்க பாத்தீங்க" என்பாள், ரத்தக்கறை விரிப்பைத் தனியே எறிந்துகொண்டு. "அன்னிக்கு அங்க கண்ணுள்ளவங்க பதிமூணு பேரு. பதினோரு பேருக்குக் குருடு. நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உங்களைச் சாட்சிக்கூண்டுல ஏத்த எனக்கு வழி தெரியல. யாரையாவது அனுப்புங்க. தேவதூதன் எல்லாம் வேண்டாம், விலாசம் உள்ள ஆளா அனுப்புங்க."

நான்காம் வியாழன் போதகருக்குப் புது யோசனை உதித்தது. கேள்விகள் போதும், இனி இதயத்தைத் திறப்போம் என்றார். வேலை இடத்தில் மனசாட்சிக்கு விரோதமாகச் செய்த ஒரு சின்னக் காரியத்தை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதித் துணிப்பையில் போட வேண்டும். கடைசி வியாழன் அவர் அதை வாசிப்பார்.

"இதை யாரும் முன்னாடி பார்க்க மாட்டோம்" என்றார், கையை நெஞ்சில் வைத்து. "நானும் பார்க்க மாட்டேன், மூப்பரும் பார்க்க மாட்டார். மனம் திறந்த வார்த்தையை ஒரு எழுத்தும் மாத்தாம வாசிக்கிறதுதான் மரியாதை."

"பாத்தியா" என்றாள் ஊசி, மடிப்புக்காரியின் காதில். "கேட்டா சலிச்சு எடுக்கணும். அழுதா அப்படியே குடிச்சிடலாம்."

ஊசி எதுவும் எழுதவில்லை. மெக்கானிக் அண்ணன் எழுதினார். முதலில் பென்சிலை நக்கினார், சுவரைப் பார்த்தார், இரண்டு வரி எழுதினார், மடித்தார், பிரித்தார், இன்னும் ஒரு வரி எழுதினார். பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது காது நுனி சிவந்திருந்தது. சலவைக்கூடத்திலிருந்து சோப்புக் கட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்போல, பாவம், என்று ஊசி நினைத்தாள்.

ஐந்தாம் வியாழன் வந்தது. விடிந்தால் விசாரணை. கையில் ஒரு சாட்சியும் இல்லை. அக்கா வீட்டில், நாளைக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "கவனக்குறைவுன்னே எழுதிக்குங்கன்னு சொல்லிடட்டுமாடி? சண்டை இல்லாம முடியும்" என்று கேட்டிருந்தாள். ஊசி கதவைச் சாத்திக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்துக்கு ஏன் வந்தாள் என்றால், பதினோரு பேரும் அங்கே இருப்பார்கள். கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று.

முதலாளி பின்னால் தேநீர்ப் பாத்திரத்தருகே நின்று தன் கையாலேயே எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்தார். தாழ்மை. போதகர் துணிப்பையில் கையை விட்டார்.

"பக்கத்து மேசைக்காரரின் செய்தித்தாளைக் கேட்காமல் எடுத்துப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பேன்." சிரிப்பு. "எவ்வளவு அழகான நேர்மை. ஆமென் சொல்வோம்."

"ஆமென்" என்றது கூட்டம்.

"உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்து நாத்தனார் வீட்டுக்குப் போனேன். எவ்வளவு அழகான நேர்மை. ஆமென் சொல்வோம்."

"ஆமென்."

"போதகர் பேசும்போது தூங்கிவிடுகிறேன். இதை எழுதும்போதும் கொஞ்சம்." பெரிய சிரிப்பு. போதகரும் சிரித்தார். ஆமென் ஆயிற்று. அடுத்த சீட்டைப் பிரித்தார். அவருடைய குரல் நன்றாக எண்ணெய் விட்ட குரல். கண் பட்ட இடத்தில் எல்லாம் தானாக ஓடும். புத்தி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

"முதலாளி சொன்னதால் உருளையின் தடுப்புக் கம்பியைக் கழற்றினேன். எட்டு நாள் கழித்து விரல் போன அன்று சாயங்காலம், முதலாளி சொன்னதால் திரும்ப மாட்டினேன். கேட்டவர்களிடம் கிரீஸ் தேடுவதாகச் சொன்னேன். எவ்வளவு அழகான நேர்மை. ஆமென் சொல்..."

புத்தி வந்து சேர்ந்தது. வாய் அப்படியே நின்றது. ஆனால் ஐந்து வாரமாகப் பழகிய கூட்டம், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"ஆமென்."

பின்னாலிருந்து, தேநீர் ஊற்றிக்கொண்டே, முதலாளியும் சொன்னார். எல்லாரையும்விட அரை வினாடி தாமதமாக, நல்ல கணீர்க் குரலில்.

கூடத்தில் ஒரு கரண்டி விழுந்தது. ஊசி எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமென்" என்றாள். "அன்னிக்கு வீட்டுல நான் சொல்லலைன்னு வருத்தப்பட்டீங்களே ஐயா. இப்ப சொல்லிட்டேன்."

"இதை எழுதினவர் யார்னு யாரும் கேட்கக் கூடாது" என்றார் போதகர் அவசரமாக.

"நான் கேக்கல பாஸ்டர். அஞ்சு வாரமா எனக்கு ஒரே கேள்விதான். கம்பியைக் கழற்றச் சொன்னது யார்? இப்ப எல்லார் முன்னாடியும் வாயால கேக்குறேன். அட்டையில மாத்தி எழுத இனிமே நேரமில்ல."

போதகர் முதலாளியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். வழி தெரியாமல் போகும்போதெல்லாம் அவர் கை எங்கே போகுமோ அங்கே போயிற்று. மணியைத் தட்டினார்.

"மே... மேசைகளில் பேசுவோம். ஐந்து நிமிஷம்."

"பாஸ்டர்" என்றார் முதலாளி.

"மணி அடிச்சாச்சுங்க ஐயா" என்றாள் டீச்சர், நோட்டைப் பிரித்துக்கொண்டு. ஐந்து வாரமாக மணிக்குப் பழகிய மேசைகள் குனிந்து பேச ஆரம்பித்துவிட்டன.

"நாளைக்கும் நான் அங்க வேலைக்குப் போகணும் டீச்சர்" என்றாள் மடிப்புக்காரி மெதுவாக.

"நீங்க போகணும்னு எழுதிக்கிறேன். கம்பியைப் பத்தி?"

மடிப்புக்காரி சேலைத் தலைப்பைத் திருகினாள். முதல் தடவையாக ஊசி அவளைக் குத்தவில்லை.

"இல்ல" என்றாள் மடிப்புக்காரி. "எட்டு நாளும் இல்ல. நான் மறுபக்கம் நிக்கிறவ. கம்பி இருந்தா அவ முகம் பாதிதான் தெரியும். அந்த எட்டு நாளும் முழு முகமும் தெரிஞ்சுது."

டீச்சர் எழுதினாள். கோடு போட்டாள். மெக்கானிக் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டுல இருக்கிறதே போதும்" என்றார். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

முதல் மேசைத் தலைவர் எழுந்து, கருத்து ஒருமிக்கவில்லை என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தது டீச்சர். எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்து, நோட்டிலிருந்து வாசித்தாள்.

"எங்க மேசையில ஆறு பேர். கம்பி எட்டு நாள் இல்லை. கழற்றச் சொன்னது முதலாளி. ஆறு பேருக்கும் ஒரே கருத்து. இந்த வாரம் கடவுளைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை."

முதலாளி தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைப் போட்டார். "எல்லாரும் நாளைக்குக் காலையில வேலைக்கு வரணும் இல்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மடிப்புக்காரி பையைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். ஐந்து நிமிஷத்தில் கூடம் காலி.

ஊசி மெக்கானிக் அண்ணனை வாசலில் பிடித்தாள்.

"அண்ணே, அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். பாஸ்டர் வாசிக்கும்போதே வெளிச்சத்துல பின்பக்கம் தெரிஞ்சுது. ஒவ்வொரு இயந்திரத்து மேலயும் 'கை வைக்காதே'ன்னு நீங்க பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கீங்க. எழுத்து எல்லாம் இடது பக்கம் சாஞ்சு, பஸ்ஸுக்கு ஓடற மாதிரி இருக்கும்."

அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"கிரீஸ் டப்பாவா?"

"இல்லம்மா. கண்ணாடி."

"நாளைக்குப் பத்து மணி. நான் வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டேன்னு சொன்னதே எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர், நடந்துகொண்டே.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியின் அறைக்கு வெளியே இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் அக்காவும் தங்கையும். எதிரில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் போதகர், மடிப்புக் கலையாமல்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க பாஸ்டர்?" என்றாள் ஊசி.

"மூப்பருடைய நல்ல குணத்தைப் பத்திச் சொல்ல."

"நல்லது. திருத்தாம சொல்லுங்க."

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பத்து ஐந்துக்கு அதிகாரி, "வேற சாட்சி இல்லையா?" என்று கேட்டாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கவனக்கு..." என்று ஆரம்பித்தாள். கதவு திறந்தது. மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் நின்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். மேசையில் வைத்துப் பிரித்தார். நான்கு பழைய திருகாணிகள், மரை தேய்ந்து, துருவும் எண்ணெயுமாக.

"கழற்றினப்ப எடுத்து வெச்சது. திரும்ப மாட்டறப்ப புதுசு போடுன்னாரு. இதைத் தூக்கிப் போட மனசு வரல."

அதிகாரி பேனாவை எடுத்தாள். வாயால் சொல்லிக்கொண்டே எழுதினாள். "கேள்வி. கம்பியைக் கழற்றச் சொன்னது யார்?"

ஊசி மேசைக்குமேல் எட்டிப் பார்த்தாள். அப்படியேதான் எழுதியிருந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"இவர்" என்றார் மெக்கானிக் அண்ணன்.

முதலாளி பெருமூச்சு விட்டார். இந்தத் தடவை யாரும் கவனிக்கவில்லை. அதிகாரி போதகரைப் பார்த்தாள். "நேத்துக் கூட்டத்துல இதே விஷயமா ஒரு சீட்டு வாசிச்சீங்கன்னு இந்தம்மா சொல்றாங்க."

"அதை நாம கொஞ்சம் விரிவான பொருள்ல..."

"வாசிச்சீங்களா, இல்லையா?"

போதகர் பேனா எதையாவது நேராக்கலாமா என்று தேடினார். அந்த மேசையில் பேனா அதிகாரி கையில் இருந்தது. "வாசிச்சேன்" என்றார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட அக்காவைக் கூப்பிட்டார்கள். கவனக்குறைவு என்ற சொல்லின்மேல் அதிகாரி கோடு இழுத்திருந்தாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இல்லையாடி?"

"நீ இல்ல."

"அப்ப அன்னிக்கு வீட்டுல வந்து மன்னிப்பு வாங்கிக் குடுத்துட்டுப் போனாரே?"

"அது வேற ஆளுக்கு வர வேண்டியது. விலாசம் மாறி நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு."

"நான் ஆமென் வேற சொல்லித் தொலைச்சேன்" என்றாள் அக்கா. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது. பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.

எழுத்து கோணலாக வந்தது. முதல் எழுத்துக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. மரியாதைக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு போதகர் நின்றார், அவருக்குப் பின்னால் முதலாளி, வெளியே போக வழியில்லாமல். கதவு கனமான கதவு. போதகர் கை மாற்றிப் பிடித்தார்.

"சீக்கிரம் முடிக்கட்டுமா?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்த்து.

"ஒரு அவசரமும் இல்ல" என்றாள் ஊசி. "நிதானமா எழுதுக்கா. உன் முழுப் பேரையும் எழுது."